முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி: முதலாண்டைத் தவறவிடாதீர்கள்

சென்ற ஆண்டு நம் அறக்கட்டளைக்கு வந்த கல்வி உதவி மனுக்களில் ஒன்று, பொறியியல் மூன்றாமாண்டு படிக்கும் மாணவி ஒருவருடையது. தகப்பனார் மௌத்தாகிவிட்டார். என்ன வேலை பார்த்தார் என்று கேட்டோம். "மிலிட்டரியில இருந்தாங்க" என்றார் தாயார். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். ஆனால் படைவீரர் பிள்ளைகளுக்கென்று அரசு உதவித்தொகை இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலாவது, பிரதமர் கல்வி உதவித்தொகை. முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கும் விதவைகளுக்கும் உரியது. பொறியியல், மருத்துவம், பி.எட்., பி.பி.ஏ., பி.சி.ஏ. போன்ற தொழிற்படிப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும்; சாதாரண பி.ஏ., பி.காம். படிப்புகளுக்குப் பொருந்தாது. மாணவிகளுக்கு மாதம் 3000 ரூபாய், மாணவர்களுக்கு 2500 ரூபாய். பிளஸ் டூவில் 60 சதவீதமாவது வேண்டும். முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். நான்காண்டுப் படிப்பு என்றால் ஒரு மாணவிக்கு 1,44,000 ரூபாய் வரை கிடைக்கும். ஆண்டுதோறும் 50 சதவீதத்துக்குக் குறையாமல் தேறினால்தான் தொகை தொடரும்.

இரண்டாவது, ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்தவர்களின் பிள்ளைகளுக்கான கல்வி மானியம். ஒன்றாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை, இரண்டு பிள்ளைகளுக்குக் கிடைக்கும். மாதம் 1000 ரூபாயாக இருந்த இது, 2025 நவம்பர் முதல் 2000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது.

இரண்டுக்கும் கேந்திரிய சைனிக் போர்டின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆவணங்களைச் சரிபார்ப்பது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அங்கே பதிவு செய்து அடையாள அட்டை பெறாதவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள். கணவரை இழந்தவர்கள் தங்கள் பெயரில் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

பலருக்குச் சிக்கல் வருவது பெயரில்தான். முகமது, முஹம்மது, முகம்மது என்று ஒரே பெயரை நாம் பலவிதமாக எழுதுகிறோம். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடும் பள்ளிச் சான்றிதழோடும் ஒத்திருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். பிள்ளையின் பெயரே ஏறாமலும் இருக்கலாம். திருத்தம் ரெக்கார்டு ஆபீஸ் வரை போய் வர வேண்டியது. பிள்ளை பிளஸ் டூ முடித்த பிறகு தொடங்கினால் முதலாண்டு கைநழுவிவிடும்.

உதவி கேட்கக் கூச்சப்படும் குடும்பங்களும் உண்டு. இது தர்மம் அல்ல. அந்த மனிதர் எல்லையில் நின்ற ஆண்டுகளுக்கான ஹக்கு. உங்கள் தெருவில் படையில் இருந்தவர் வீடு இருந்தால் இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். காகிதங்களை எடுத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை நாங்கள் உடனிருந்து நிரப்பித் தருகிறோம்.