கைப்பிரதியும் விமர்சகனும்

நூல் வெளிவந்த பின்னர் எழுதப்படும் மதிப்புரையையே நாம் பெரும்பாலும் விமர்சனம் என வழங்கி வருகின்றோம். ஆக்கம் இன்னும் திருத்தத்திற்கு இடந்தரும் நிலையில் இருக்கும்போது ஆசிரியனிடம் நேரிற் கூறப்படும் கருத்து அதனினும் பொறுப்பு மிக்கது என்பது போதியளவு உணரப்படவில்லை. வெள்ளவத்தை மண்டபங்களில் நடைபெறும் வெளியீட்டு விழாக்களிலே பொன்னாடைக்குக் குறைவில்லை. நயவுரையாளர் சிலர் நூலை அன்றைய தினமே முதன்முதலாகக் காண்கின்றனர்.

இவ்விடயத்தில் மார்க்சியருக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1859இல் லசால் தமது வரலாற்று நாடகத்தை அனுப்பியபோது மார்க்சும் எங்கெல்சும் தனித்தனியே நீண்ட கடிதங்கள் வரைந்தனர். 1888 ஏப்ரிலில் மார்கரெட் ஹார்க்னஸின் நாவல் பற்றி எங்கெல்ஸ் அவருக்கு எழுதிய கடிதமும் அத்தகையதே. இரண்டும் அச்சேறிய நூல்கள்தாம். ஆயினும் கடிதங்கள் வாசகரை அன்றி ஆசிரியரையே நோக்கின. இலண்டன் கிழக்குப் பகுதித் தொழிலாளரைச் சித்திரித்த அந்நாவலின் உண்மையையும் துணிவையும் முதலில் பாராட்டிய எங்கெல்ஸ், தொழிலாளர் செயலற்றோராகவே காட்டப்படுவதைக் குறையாகச் சுட்டினார். அப்பட்டமான சோஷலிஸ நாவல் எழுதவில்லையே என்பது தமது குறையன்று எனவும் தெளிவுறுத்தினார். இறுதியிலோ, அப்பகுதி மக்களின் நிலையை எண்ணி, ஆசிரியை அவ்வாறு எழுதியமைக்குத் தக்க காரணம் இருக்கலாம் என விட்டுக்கொடுத்தார். வகைமாதிரி பற்றிய அவரது வரையறையை எத்தனையோ தடவை மேற்கோள் காட்டிய நாம் இவ்விட்டுக்கொடுப்பை எடுத்துரைத்தது மிகக் குறைவு.

ஈழத்தில் 1959 முதல் 1961 வரை தினகரன் ஆசிரியராக இருந்த கைலாசபதி இளம் எழுத்தாளருக்குக் களம் அமைத்தார். பேச்சுமொழியை இழிசனர் வழக்கென ஒதுக்கிய பண்டிதர்க்கெதிராக முற்போக்காளர் அறுபதுகளின் முற்பகுதியில் நடத்திய போராட்டம் யாவரும் அறிந்ததே. அதே முற்போக்கு விமர்சனத்தை மு. தளையசிங்கம் ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’யிற் கடுமையாகச் சாடினார். அவர் முடிவுகளிற் பல எமக்கு உடன்பாடல்ல. எனினும், அளவுகோலை முன்கூட்டியே கையில் வைத்திருப்பவன் ஆக்கத்தை உள்ளபடி காண்பானா என்ற ஐயம் அவற்றோடு சேர்த்து ஒதுக்கிவிடக் கூடியதன்று.

இவ்வையம் எமக்கு நேரிலே விளங்கியது கொம்பனித்தெருவில். மலாயர், முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் நெருங்கி வாழ்ந்துவரும் அப்பகுதியில் 2010 மே மாதம் மியூஸ் வீதி வீடுகள் இடிக்கப்பட்டன. நகர அபிவிருத்தியின் பெயரால் அயல் ஒழுங்கைகளும் பின்னர் வெறுமையாகின. குடும்பங்கள் தொடர்மாடிகளுக்குப் பெயர்க்கப்பட்டன. நண்பர் ஒருவரின் வீட்டு முன்னறையிலே தொழிலாளியான இளைஞர் ஒருவர் இதுபற்றிய கதையொன்றை வாசித்தார். தொடர்மாடிக்குக் கொண்டுசெல்ல இயலாதெனக் கூறப்பட்ட அம்மியின்மேல் உட்கார்ந்துவிடும் உம்மம்மாவின் கதை அது.

ஆசிரியர் ஒருவர் அதிலிருந்த மலாய், சிங்களச் சொற்களுக்குக் கீழே சிவப்புக் கோடிட்டார். பேச்சுமொழிக்காக அன்று வாதாடியோரின் வழிவந்தவர் அவர்! எமது தவறு அதனினும் பெரிது. கதையின் இறுதியில் எதிர்ப்பு இல்லை என்றோம்.

மறுமாதம் அவர் கொண்டுவந்த திருத்தப் பிரதியில் ஊர்வலம் இருந்தது, முழக்கங்கள் இருந்தன. அம்மி ஒரு வரியாகச் சுருங்கியிருந்தது. எல்லோரும் பாராட்டினர், யாமும் பாராட்டினோம். கூட்டம் கலைந்தபின் படிக்கட்டில் அவர் தயங்கிச் சொன்னார்: “சேர் சொன்னதால எழுதினேன். அன்னைக்கி ஊர்வலம் ஒண்ணும் நடக்கல்ல. உம்மம்மா அம்மியில குந்திக்கிட்டு எழும்பவே இல்ல. அவ்வளவுதான் நடந்திச்சு.”

நாம் தேடிய எதிர்ப்பு அம்மியின்மேலேயே அமர்ந்திருந்தது. முதற்பிரதியைக் கேட்டோம், அதனைக் கிழித்துவிட்டதாகக் கூறினார். நினைவிலிருந்து மீண்டும் எழுதி வருவதாக அண்மையில் அறிந்தோம். இம்முறை அவர் எவருக்கும் வாசித்துக் காட்டவில்லை.