முதுகுவலி என்று விட்டுவிட வேண்டாம்

தேனி மாவட்டம் ஜெயமங்கலத்தில் நாற்று நட்டும் கொடிக்காலில் பாடுபட்டும் ஐம்பதைத் தாண்டியவர்களிடம் முதுகுவலியைப் பற்றிக் கேட்டால், “தேய்மானம்” என்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் மாதக்கணக்கில் விடாத வலியோடு ரத்தசோகையும் சேர்ந்து, சிறுநீரகக் கோளாறைக் காட்டும் கிரியாட்டினினும் ரத்தத்தில் கூடியிருந்தால் மல்டிபிள் மைலோமாவையும் சந்தேகிக்க வேண்டும்.

எலும்பு மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோய் இது. எலும்பு அரிபடுகிறது, அதன் கால்சியம் ரத்தத்தில் ஏறுகிறது, அந்தச் செல்கள் சுரக்கும் பயனற்ற புரதம் சிறுநீரகத்தைப் பாழாக்குகிறது. மேலைநாடுகளில் எழுபதை ஒட்டி வரும் நோய், நம் நாட்டில் ஐம்பதுகளிலேயே பலரைப் பிடிக்கிறது.

1990-களில் அமெரிக்க நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் ஐந்தாண்டைக் கடந்தார். இன்று பத்தில் ஆறு பேர் கடக்கிறார்கள். பிறவி ஊனங்களை விளைவித்ததால் 1960-களின் தொடக்கத்தில் விலக்கப்பட்ட தாலிடோமைடு, 1999-ல் இந்நோய்க்குப் பலன் தந்ததே திருப்புமுனை. பிறகு போர்டெசோமிப், லெனாலிடோமைடு, டாராடுமுமாப் வந்தன. 2023-ல் வெளியான ‘பெர்சியஸ்’ ஆய்வில், ஸ்டெம்செல் மாற்றுச் சிகிச்சையோடு, பிறகு வந்த இம்மூன்றும் ஒரு ஸ்டீராய்டுமாக நான்கு மருந்துகள் பெற்றவர்களில் 84 சதவீதத்தினருக்கு நான்காண்டுகள் நோய் முற்றவில்லை. டாராடுமுமாப் இல்லாமல் மூன்று மருந்து மட்டும் பெற்றவர்களில் அது 68 சதவீதம். இன்னும் வியப்பானது, நோயாளியின் சொந்த டி-செல்களை மாற்றியமைத்துச் செலுத்தும் கார்-டி சிகிச்சை. பல மருந்துகளும் கைவிட்ட 97 பேருக்கு ஒரே ஒருமுறை செலுத்தியதில், 32 பேர் ஐந்தாண்டுக்குப் பிறகும் நோய் திரும்பாமல் இருப்பதாக 2025-ல் அறிவிக்கப்பட்டது.

மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் உருவாக்கி 2023-ல் அனுமதி பெற்ற கார்-டி, வேறு வகை ரத்தப் புற்றுநோய்களுக்கானது. ஆனால் போர்டெசோமிப்பையும் லெனாலிடோமைடையும் இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன. நோயாளியின் சொந்த ஸ்டெம்செல்லை எடுத்துத் திருப்பிச் செலுத்தும் சிகிச்சை வேலூர் சிஎம்சியில் நடக்கிறது. எனவே தேனி மாவட்டத்துக்காரருக்குப் பெரிய தடை மருந்தல்ல, காலதாமதம் என்றே நினைக்கிறேன். முதுகெலும்பு நொறுங்கியோ சிறுநீரகம் செயலிழந்தோ வருபவருக்கு எந்தப் புது மருந்தும் முழுப் பலன் தராது.

முதலில் தேவைப்படுபவை ரத்த அணுக்கள் எண்ணிக்கை, இஎஸ்ஆர், கிரியாட்டினின், கால்சியம், எக்ஸ்ரே. க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே விசாரிக்கலாம். சந்தேகம் வலுத்தால், அந்தப் பயனற்ற புரதத்தைக் கண்டறியும் புரத எலக்ட்ரோபோரெசிஸ், அதன்பின் மஜ்ஜைப் பரிசோதனை. அதுவரை மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. ஏற்கெனவே தள்ளாடும் சிறுநீரகத்தை அவை டயாலிசிஸ் வரை கொண்டுபோய்விடக்கூடும். வலிக்கு எது சாப்பிடலாம் என்று மருத்துவரிடமே கேளுங்கள்.