லே போக 28,000 போதுமா? ஒரு மலை ட்ரெக்கின் முழு பில்

எங்க நாகர்கோவில் பக்கம் ‘லே’ன்னா அது ஊர் பேர் கிடையாது, கூட்டாளியைக் கூப்பிடுற சொல். போன மாசம் டெக்னோபார்க்ல வேலை பார்க்கிற ஒரு தம்பி, வரி கணக்கு விஷயமா ஆபீசுக்கு வந்தவன், போகும்போது போனை நீட்டினான். “அண்ணே, லடாக் மார்க்கா பள்ளத்தாக்கு ட்ரெக், ஏழு நாள், கைடு, டென்ட், சாப்பாடு எல்லாம் சேர்த்து 28,000. புக் பண்ணிரட்டா?” மாசம் 52,000 கைக்கு வருது, சேமிப்புக் கணக்குல 40,000 கிடக்கு. 28,000 தாராளமா கட்டலாம்னு அவனுக்குத் தோணியிருக்கு.

நான் வேண்டாம்னு சொல்லல. ஒரு பேப்பர் எடுத்து மீதி பில்லை எழுதிக் காட்டினேன். வீடியோல பத்து நிமிஷத்துக்குள்ள அதைச் சொல்ல முடியல, அதனால இங்க விரிவா எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம். 28,000-ங்கிறது லேயில் தொடங்கி லேயில் முடியுற விலை. நாம இருக்கிறது இந்தியாவோட இந்த முனை, லே அந்த முனை. அந்தத் தம்பிக்கு நான் போட்ட மாதிரிக் கணக்கு இது. விலைகள் சீசனுக்குச் சீசன் மாறும், ஆனா எந்தத் தலைப்பும் விட்டுப்போகக் கூடாது:

பேக்கேஜ் 28,000, அதுக்கு மேல 5% ஜிஎஸ்டி: 29,400
திருவனந்தபுரம் – டெல்லி – லே விமானம், போக வர: 26,000
நாகர்கோவில் – திருவனந்தபுரம், போக வர: 1,500
லேயில் 5 இரவு ரூம், சாப்பாடு: 13,000
ஷூ, துணி, வாடகைக்கு ஜாக்கெட், ஸ்டிக்: 12,000
இன்சூரன்ஸ்: 1,500
டாக்டர் செக்கப், மருந்து: 1,500
கைடு, சமையல்காரர், குதிரைக்காரருக்கு டிப்ஸ்: 3,000
கையில் அவசரத்துக்கு: 10,000

மொத்தம் 97,900. விளம்பரத்தில் பார்த்த விலையைப் போல மூன்றரை மடங்கு. தம்பி கொஞ்ச நேரம் பேசல.

இந்த லிஸ்டைப் பார்த்ததும் எல்லாரும் முதல்ல கத்தியை வைக்கிற இடம், லேயில் அந்த 5 இரவு. “ட்ரெக்குக்குப் போறவன் எதுக்கு ஹோட்டல்ல அஞ்சு நாள் படுக்கணும்?” நானும் அப்படித்தான் கத்தியை வச்சேன். அந்தக் கதையைச் சொல்லிட்டு மேல போறேன், ஏன்னா இந்தப் பதிவு எழுதுறதே அதுக்காகத்தான்.

அப்போ நான் சென்னையில ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு இருந்தேன். லீவு கம்மி. சனிக்கிழமை காலை லேயில் இறங்கி, ஞாயிறு மட்டும் ஓய்வெடுத்துட்டு திங்கள் காலை நடக்க ஆரம்பிச்சாச்சு. இப்படிச் செஞ்சதுல ஒரு நாள் லீவும் ஒரு இரவு ரூம் வாடகை 1,800 ரூபாயும் மிச்சம். பேக்கேஜும் இருந்ததிலேயே விலை குறைஞ்சது, மத்தவங்களைவிட ஒரு நாள் கம்மி. எக்செல்ல பார்க்க அழகா இருந்துச்சு.

உயரக் கணக்கைப் பாருங்க. தென்னிந்தியாவில் இருக்கிறதிலேயே உயரமான சிகரம் ஆனமுடி, 2,695 மீட்டர். லே ஊரே சுமார் 3,500 மீட்டரில் இருக்கு. அதாவது ஆனமுடி உச்சியைவிட 800 மீட்டர் மேல விமானம் நம்மை இறக்கிவிடுது. அங்க ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜன், நம்ம கடற்கரையில் கிடைக்கிறதில் மூன்றில் இரண்டு பங்குதான். கன்னியாகுமரிக் கடல் மட்டத்திலேயே பிறந்து வளர்ந்த உடம்பு அதைப் பழகிக்க ரெண்டு மூணு நாள் ஆகும். ஜிம்முக்குப் போற உடம்பா இல்லையாங்கிறது இதில் பெருசா உதவாது.

இன்னொரு விதி, மலை மருத்துவத்தில் சொல்றது: 3,000 மீட்டருக்கு மேல போயிட்டா, தூங்குற இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூடக் கூடாது. மார்க்கா வழியில் ஸ்கியு, மார்க்கா, ஹங்கர்னு கிராமம் கிராமமா மெதுவாத்தான் ஏறும். சிக்கல் கடைசியில். ஹங்கர் சுமார் 4,000 மீட்டர். அடுத்த பெரிய கேம்ப் நிமாலிங் 4,700-க்கு மேல. நல்ல திட்டம்னா நடுவுல தச்சுங்ட்சேயில் ஒரு இரவு தங்க வைக்கும். விலை குறைஞ்ச திட்டம் அந்த இரவைத் தூக்கிரும். ஒரு இரவு கூடினா கைடு, சமையல், குதிரை எல்லாத்துக்கும் ஒரு நாள் கூலி கூடும் இல்லையா? நான் எடுத்த பேக்கேஜ் ஏன் விலை குறைவுன்னு எனக்கு நிமாலிங்லதான் புரிஞ்சது.

தலைவலி ஹங்கர்லயே ஆரம்பிச்சுது. யாருகிட்டயும் சொல்லல. காசு கட்டியாச்சு, லீவு போட்டாச்சு, சொன்னா திருப்பி அனுப்பிருவாங்களோன்னு பயம். (நம்ம அகவுண்ட்ஸ் பாஷையில இது சங்க் காஸ்ட். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கின பாடம்தான்.) நிமாலிங்ல ராத்திரி வாந்தி, நடந்தா கால் தள்ளாடுது. கைடு என்னை ஒரு நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்த்தார், முடியல. அவர் ஒண்ணும் விவாதிக்கல. விடியுறதுக்கு முன்னாடியே குதிரையில் ஏத்தி வந்த வழியே கீழ கொண்டுபோயிட்டார். உச்சியில் இருக்கிற கொங்மாரு லா கணவாயை, 5,200 மீட்டரை ஒட்டின இடம், நான் இன்னிக்கு வரைக்கும் பார்க்கல. குதிரைக்கும் லே வரைக்கும் தனி வண்டிக்கும் 14,000 ரூபாய் கையிலிருந்து போச்சு. பேக்கேஜ் பணத்தில் ஒரு ரூபாய் திரும்பல, ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது, கையெழுத்துப் போட்டது நான்தான். கீழ இறங்கினதும் உடம்பு சரியாயிட்டுது. மூளையில் நீர் கோர்க்கத் தொடங்கினா முதல் அறிகுறியே அந்தத் தள்ளாட்டம்தானாம், கைடு அன்னைக்குச் சாயங்காலம்தான் சொன்னார்.

அதனால லேயில் முதல் 3 இரவைத் தொடாதீங்க. ட்ரெக் முடிஞ்சு ஒரு இரவு, விமானம் ரத்தானால்னு இன்னொரு இரவு, அதான் அஞ்சு. திட்டத்தில் ஒவ்வொரு இரவும் எத்தனை மீட்டர்ல தூங்க வைக்கிறாங்கன்னு கேட்டு எழுதி வாங்குங்க. பதில் சொல்லாத ஆளிடம் பணம் கட்டாதீங்க. டயமாக்ஸ் மாத்திரை எல்லாருக்கும் ஒத்துக்காது, சல்பா அலர்ஜி இருந்தா குறிப்பா; டாக்டரைக் கேட்காம வேண்டாம்.

லீவு கணக்கு: டெல்லியிலிருந்து லேக்கு விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான், அதனால வெள்ளி ராத்திரியே திருவனந்தபுரத்தில் ஏறணும். சனி, ஞாயிறு, திங்கள் லேயில். செவ்வாய் முதல் அடுத்த திங்கள் வரை ட்ரெக். செவ்வாய் ஓய்வு, புதன் திரும்பல், வியாழன் ஆபீஸ். 8 வேலை நாள். ஆகஸ்ட் 15 நடுவுல வார நாளா விழுந்தா ஒண்ணு குறையும். சம்பளம் இல்லாத லீவா போனா அதையும் செலவில் சேருங்க. 60,000 சம்பளத்துக்கு ஒரு நாள் 2,000 ரூபாய்.

இப்போ பணம் சேர்க்கிறது. அடுத்த ஆகஸ்டுக்கு இப்பவே ஆரம்பிச்சா மாசம் 8,000. ஆர்டியில் 6.5% வட்டின்னு வச்சா வருஷக் கடைசியில் 3,400 ரூபாய் வாக்கில் வட்டி சேர்த்து 99,400. கணக்கு முடிஞ்சுதுன்னு நினைப்பீங்க. ஆனா பணம் எல்லாம் ஒரே நாள்ல வெளியே போறதில்லை. அட்வான்ஸ் ஆறு மாசம் முன்னாடி, டிக்கெட் மூணு நாலு மாசம் முன்னாடி, ஷூ ரெண்டு மாசம் முன்னாடி (புது ஷூவோட மலை ஏறினா கால் கொப்பளிச்சுரும், பழக்கணும்). பன்னிரண்டாம் மாசம் முதிர்கிற ஆர்டி இதுக்கெல்லாம் உதவாது. 4,000-க்கு ஒண்ணு ஆர்டி, மீதி 4,000 லிக்விட் ஃபண்டிலோ தனி சேமிப்புக் கணக்கிலோ போடுங்க. சம்பளக் கணக்கிலேயே விட்டுவச்சா அது மாயமா மறைஞ்சுரும், உங்களுக்கே தெரியும்.

“போயிட்டு வந்து இஎம்ஐ கட்டிக்கலாமே”ன்னு ஒரு கட்சி இருக்கு. 98,000 பர்சனல் லோன், 15%, 12 மாசம்: இஎம்ஐ 8,845. வட்டி மட்டும் 8,100-க்கு மேல. ப்ராசசிங் கட்டணம் 2%, அதுக்கு 18% ஜிஎஸ்டி, இன்னொரு 2,300. ஆர்டி வட்டியும் கிடைக்காது. சேர்த்துப் பார்த்தா கிட்டத்தட்ட 14,000 வித்தியாசம். மாசா மாசம் கையிலிருந்து போறது ரெண்டிலும் ஏறக்குறைய அதே எட்டாயிரம்தான், முன்னாடி கட்டுறீங்களா பின்னாடி கட்டுறீங்களாங்கிறதுதான் கேள்வி.

எல்டிஏ பத்தி நிறைய பேர் கேட்கிறாங்க. பழைய வரி முறையில் இருந்தா மட்டும்தான் விலக்கு. புது முறையில் இருந்தா இந்தப் பத்தியைத் தாண்டிருங்க. சம்பளத்தில் எல்டிஏன்னு ஒரு இனம் இருக்கணும், லீவு போட்டுப் போயிருக்கணும், இந்தியாவுக்குள்ள இருக்கணும். விலக்கு போக்குவரத்துக் கட்டணத்துக்கு மட்டுமே. டென்ட், கைடு, ஹோட்டல் எதுக்கும் கிடையாது. அதனால 29,400 பில்லைக் கொண்டுபோய் ஹெச்.ஆர்.கிட்ட நீட்டினா சிரிப்பாங்க. விமான டிக்கெட்டும் போர்டிங் பாஸும் பத்திரம். நாலு காலண்டர் வருஷம் கொண்ட ஒரு பிளாக்கில் ரெண்டு பயணம். 2022–25 பிளாக் முடிஞ்சாச்சு, இப்போ ஓடுறது 2026–29. போன பிளாக்கில் விட்டுப்போன ஒரு பயணத்தை 2026-க்குள்ள எடுத்துக்கலாம்.

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் மாதிரி நேபாளம் போற பேக்கேஜை இங்குள்ள கம்பெனியில் வாங்கினா டிசிஎஸ் பிடிப்பாங்க. விகிதம் அடிக்கடி மாறுது, புக் பண்ற அன்னைக்குப் பாருங்க. அது செலவு இல்லை, வரியில் கழிச்சுக்கலாம், ஆனா கையில் பணம் அடைபட்டுக் கிடக்கும்.

இன்சூரன்ஸ்ல ஏமாறாதீங்க. ஆபீஸ் குரூப் பாலிசி ஆஸ்பத்திரியில் படுத்தா உதவும், மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவர்ற செலவைப் பெரும்பாலும் தராது. டிராவல் பாலிசிகள் பலவற்றில் ‘சாகச விளையாட்டு’ விலக்குப் பட்டியலில் இருக்கும், அல்லது இத்தனை மீட்டர் வரைதான்னு எல்லை போட்டிருக்கும். 4,000 வரைன்னு போட்டிருந்தா நிமாலிங்குக்கு அந்தப் பேப்பர் குளிர் காயத்தான் ஆகும். ட்ரெக்கிங்னு வார்த்தையிலேயே இருக்கணும், உயரம் 5,500 வரை இருக்கணும், மீட்புச் செலவு இருக்கணும். எனக்குப் போன அந்த 14,000-க்கு என்னிடம் இருந்த பாலிசியில் இடமே இல்லை.

ரத்து விதிகளையும் படிங்க. 2025 மே மாசம் வட, மேற்கு இந்தியாவில் 32 விமான நிலையங்களை மூடினாங்களே, லேயும் அதில் ஒண்ணு. அந்த மாதிரி நேரத்தில் விமானப் பணம் திரும்பிரும்; ட்ரெக் பணம் திரும்புமா, அடுத்த சீசனுக்கு வவுச்சரா, அது எழுதியிருக்கிறதைப் பொறுத்தது. உத்தராகண்டில் ரூப்குண்ட் ட்ரெக் 2018-ல் ஐகோர்ட் உத்தரவுக்கு அப்புறம் நின்னே போச்சு. அட்வான்ஸ் கட்டும்போது ஜிஎஸ்டி எண்ணோட பில் கேளுங்க. யாரோட சொந்த நம்பருக்கோ ஜிபே பண்ணச் சொன்னா அங்கேயே நில்லுங்க.

கடைசியா, ஒரு லட்சம் கிட்ட செலவழிக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்கு டென்ட் வாழ்க்கை பிடிக்குமான்னே தெரியாதே? பக்கத்திலேயே அகஸ்தியர்கூடம் இருக்கு, 1,868 மீட்டர். கேரள வனத்துறை ஜனவரி வாக்கில் ஆன்லைனில் திறப்பாங்க, போனக்காட்டில் தொடங்கி அதிருமலை முகாமில் தங்கி வழிகாட்டியோட ஏறி இறங்கணும், மூணு நாள். அட்டை கடிக்கும், கூட்டமா ஒரே கூரைக்குக் கீழ படுக்கணும், குளிக்க யோசிக்கணும். அதுவும் வேண்டாம்னா ஞாயிற்றுக்கிழமை விடியக்காலம் முதுகில் பத்து கிலோ பையோட மருந்துவாழ்மலை ஏறிப் பாருங்க, செலவு ஒரு சாயாவும் பழம்பொரியும்.

தம்பி 28,000 கட்டல. ஜனவரியில் அகஸ்தியர்கூடத்துக்குச் சீட்டு போடுறதா சொல்லியிருக்கான், மாசம் 8,000 தனியா எடுத்துவைக்க ஆரம்பிச்சாச்சு. நேத்து போன் பண்ணி, “அண்ணே, ப்ரீபெய்டு சிம் லடாக்ல வேலை செய்யாதாமே, போஸ்ட்பெய்டு மாறினா அது எந்தத் தலைப்புல வரும்?”னு கேட்டான். லிஸ்டில் அதை நான் விட்டுட்டேன். அவசரத்துக்கு வச்ச 10,000-ல எழுதிக்கச் சொல்லியிருக்கேன்.