வெயிலில் கிருமி கொல்லும் வெள்ளைத்தூள்... ஊற்றுநீரில் போடலாமா?

‘நானோ தூளைத் தண்ணீரில் போட்டு வெயிலில் வைத்தால் கிருமி சாகுமாமே, வாங்கலாமா?’ என்று கல்வராயன் மலை, வெள்ளிமலை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அந்தத் தூள், டைட்டானியம் டை ஆக்ஸைடு. வெள்ளை பெயின்ட்டில் இருப்பதுதான். மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட்தான் இதற்கு மூலப்பொருள். புறஊதாக் கதிர் பட்டால், இது கிருமிகளையும் சாயத்தையும் சிதைக்கும். ஆனால், வெயிலில் புறஊதா நூற்றுக்குச் சுமார் 5 பங்குதான். அதனால் நைட்ரஜனைக் கொஞ்சம் சேர்த்து, சாதாரண வெளிச்சத்திலும் வேலை செய்ய வைக்கலாம் என்று 2001-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் காட்டினார்கள். சாயக்கழிவு சுத்திகரிப்பு, ஆஸ்பத்திரிச் சுவர்ப்பூச்சு, புற்றுநோய் சிகிச்சை என ஆய்வுகள் தொடர்கின்றன.

ஆனால், குடிதண்ணீரில் தூளாகப் போடாதீர்கள். துணியில் வடிகட்டினாலும் நிற்காது, வயிற்றுக்குள் போய்விடும். இதை உணவில் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் தடை செய்துவிட்டது. மழைக்காலத்துக் கலங்கல் நீரில் வெளிச்சம் இறங்காது. தூளும் வேலை செய்யாது.

தண்ணீரைத் தெளியவைத்து, வடிகட்டி, தளதளவெனக் கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடியுங்கள். விறகு இல்லையா? தெளிந்த நீரை நிறமில்லாத 1 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி, முழு வெயிலில் 6 மணி நேரம் படுக்கவையுங்கள். மேகமூட்டமாக இருந்தால் 2 நாள். பூச்சிமருந்து கலந்த நீருக்கு மட்டும் இந்த இரண்டு வழியும் உதவாது.