பத்திரம் முடிந்த மாதத்து வாடகை யாருக்கு?

குடுமியான்மலை சிகாநாதசுவாமி கோயிலில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உண்டு. நிலம் கைமாறிய செய்திகளும் அவற்றில் இருக்கின்றன. விற்றவர், வாங்கியவர், நான்கு எல்லை, நிலத்தின் மேல் உள்ள வரி என்று எதையும் வாய்ப்பேச்சாக விடாமல் எழுதி வைப்பது அந்தக் கால வழக்கம். அந்தக் கவனம் இன்று வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்குபவர்களிடம் பெரும்பாலும் இல்லை.

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் இந்த ஊருக்கு 2014-ல் அரசு வேளாண்மைக் கல்லூரி வந்தது. அதுபோன்ற நிறுவனம் உள்ள ஊரில் வீடு வாங்கிப் போட்டால் மாதாமாதம் வாடகை வரும் என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் பலரும் வீட்டு விலையையும் வாடகையையும் மட்டும் பார்க்கிறார்கள். பத்திரச் செலவை விட்டுவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலில்தான் 4 சதவீதத்திலிருந்து இறங்கியது. கூடவே வழிகாட்டி மதிப்பு ஏறியது. 20 லட்ச ரூபாய் வீட்டுக்கு 1,80,000 ரூபாய் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே போய்விடும். அந்த வீட்டுக்கு மாதம் 6,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால், முதல் 30 மாத வாடகை இதற்கே சரி. தரகு, பத்திர எழுத்தர் கூலி, வக்கீல் கருத்துரை, வெள்ளையடிப்பு எல்லாம் தனி. 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. சிறிய வீடு வாங்குபவர்கள் இதை விடக்கூடாது.

செலவைக் குறைக்கிறேன் என்று பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டுவது நல்ல யோசனை அல்ல. பின்னாளில் விற்கும்போது லாபம் அதிகமாகத் தெரிந்து வரி கூடும். அதேபோல், வீட்டு விற்பனைக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறி வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம்.

ஏற்கெனவே ஆள் குடியிருக்கும் வீட்டை வாங்கும்போதுதான் சிக்கல் அதிகம். அந்த மாதத்து வாடகை யாருக்கு? 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 36-வது பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. வேறு ஒப்பந்தமோ ஊர் வழக்கமோ இல்லையென்றால் வாடகை நாள் கணக்கில் சேர்வதாகக் கொண்டு பிரிக்க வேண்டும். 30 நாள் மாதத்தில் 11-ஆம் தேதி பத்திரம் முடிந்தால், 6,000 ரூபாயில் முதல் பத்து நாளுக்கான 2,000 விற்றவருக்கு, மிச்சம் 4,000 வாங்கியவருக்கு. அதற்கு முந்தைய பாக்கி, பத்திரத்தில் எழுதினால் ஒழிய, வாங்கியவருக்குச் சேராது. 109-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வீடு கைமாறியது தெரியாமல் பழைய உரிமையாளரிடம் வாடகை கொடுத்துவிட்ட குடித்தனக்காரரிடம் மறுபடி கேட்கவும் முடியாது. அதனால் பத்திரம் முடிந்த அன்றே, இனி வாடகையை இன்னாருடைய வங்கிக் கணக்கில் போடவும் என்று விற்றவரும் வாங்கியவரும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று குடித்தனக்காரர் கைக்குப் போக வேண்டும்.

அட்வான்ஸ் விஷயம் இன்னும் கூர்மையானது. குடித்தனக்காரர் மூன்று மாத வாடகை அளவுக்குக் கொடுத்த 18,000 ரூபாய் விற்றவரிடம் இருக்கும். காலி செய்யும்போது அவர் கேட்பதோ புது உரிமையாளரிடம். கிரயத் தொகையிலேயே அதைக் கழித்துக்கொண்டு, கழித்ததைப் பத்திரத்தில் ஒரு வரி எழுதுவதே முறை. இதில் ஏமாறுவது அநேகமாக ஏழைக் குடித்தனக்காரர்தான் என்பதால், வாங்குபவர் அக்கறை காட்டியே ஆக வேண்டும். நகர்ப்புறங்களை மனத்தில் வைத்துக் கொண்டுவரப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலான தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வீட்டு அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகை என்று வரம்பு வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தைப் பதியவும் சொல்கிறது. கிராமத்திலும் அந்த அளவைப் பின்பற்றுவது நியாயம்.

வருமான வரிக் கணக்கில் வீட்டு வரி போக மிஞ்சும் வாடகையில் 30 சதவீதம் கழிவு கிடைக்கும். பத்திரச் செலவை வாடகையில் கழிக்க முடியாது. வீட்டை விற்கும்போது வாங்கிய விலையோடு சேர்த்துக்கொள்ளலாம். பதிவுக் கட்டண ரசீதைப் பத்திரத்தோடு பத்திரப்படுத்துங்கள்.

வீடு வாங்கப் போகிறவர்கள் வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம் கேட்கும்போதே வாடகை ஒப்பந்தம், கடைசி மூன்று மாத வாடகை ரசீது, அட்வான்ஸ் தொகை ஆகியவற்றையும் கேளுங்கள். குடித்தனக்காரரையும் நேரில் பார்த்துப் பேசிவிட்டு, அதன் பிறகு முன்பணம் கொடுங்கள்.