டி.வி-யில் பிரசங்கம் பண்ணாத போதகர்... அவர் கேட்ட 10 விநாடி!

போதகர்னு சொன்னதும் அங்கியும் பிரசங்க மேடையும்தானே ஞாபகத்துக்கு வருது? அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துப் போதகர் ஃப்ரெட் ரோஜர்ஸை மக்கள் பார்த்தது ஸ்வெட்டரில், டி.வி திரையில்!

போதகர்களும் மூப்பர்களும் கூடி முடிவெடுப்பது பிரஸ்பிட்டேரியன் சபைகளின் வழக்கம். அப்படி 1963-ல் அவரைப் போதகராக்கியவர்கள், ஊழியமாக ஒப்படைத்ததே குழந்தைகளுக்கான டி.வி வேலையைத்தான்.

1968 முதல் 2001 வரை நாடு முழுக்க வந்த அவரது நிகழ்ச்சியில் பிரசங்கமே கிடையாது. கோபம் வந்தா என்ன செய்யலாம், அப்பா-அம்மா பிரிஞ்சா அது குழந்தையோட தப்பா, தொட்டியில மீன் செத்துப்போனா அழலாமா... இதையெல்லாம் நிதானமா பேசினார். போட்டிருந்த ஸ்வெட்டர்களில் பல அவர் அம்மா பின்னித் தந்தவை.

அப்போ ஜெபம்? அது கேமராவுக்கு வெளியே. அதிகாலையில் எழுந்து, தெரிந்தவர்களின் பெயரைச் சொல்லிச் சொல்லி ஜெபிப்பார். அவருக்கு, எதிரில் இருப்பவரை முழுசா கவனிக்கிறதும் ஊழியம்தான்.

1997-ல் எம்மி விருது மேடை. தங்களை நேசித்து ஆளாக்கியவர்களை 10 விநாடி மௌனமாக நினைக்கச் சொன்னார். அரங்கில் பலருக்குக் கண் கலங்கிடுச்சு.

நீங்களும் மொபைலைக் கீழே வெச்சுட்டு 10 விநாடி யோசிங்க. யார் முகம் வருது? அவங்க இருக்கும்போதே ஒரு போன் பண்ணிடுங்க!