புதுக் கணினியும் காரணங்காணும் நெறியும்

காரியத்தைக் கொண்டு காரணத்தை உணர்தலும் அனுமானத்தின் ஒரு வகையாகும். அனுமானம் தருக்க நூல் பயில்வார்க்கே உரியதென்றும், நாளாந்த வாழ்க்கைக்கு வேண்டாததென்றும் கருதுவார் உளர். அக்கருத்துப் பொருந்தாதென்பதை, இக்கால மாணவர் நன்கறிந்த பொருளொன்றைக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறுப்புக்களைத் தனித்தனியே வாங்கி, மேசைக் கணினியைத் தாமே அமைத்துக்கொள்ளும் மாணவர் சிலர் நம்மிடையே உளர். அங்ஙனம் அமைத்த கணினியில் எழுத்துவேலை முதலியன இடையூறின்றி நடைபெற, விளையாட்டு மட்டும் இடைநடுவே அறுந்து நின்றுவிடுவதுண்டு. எம் மாணவன் ஒருவனுக்கும் இவ்விடர் நேர்ந்தது. அவன் தந்தையார் ஈராண்டு சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய உறுப்புக்கள் அவை. வரைவியல் அட்டையே பழுதென நண்பர் கூற, அதனைக் குறைந்த விலைக்கு விற்று வேறொன்று வாங்க அவன் ஆயத்தமாயிருந்தான். ஐயத்தையே துணிபாகக் கொள்வதனால் விளையுங் கேடு இதுவாம்.

விளையாட்டின்போதே பழுது தோன்றுவது ஏன்? எழுத்துவேலையின்போது உறுப்புக்கள் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். விளையாட்டின்போதோ முறைவழியாக்கி, வரைவியல் அட்டை, நினைவகம், மின்வழங்கி ஆகிய நான்கும் ஒருங்கே உழைக்கும்; வெப்பமும் மின்னோட்டமும் உயரும். ஆதலின் அவற்றுள் எது தளரினும் விளையாட்டே முதலில் வீழும். காரியம் ஒன்று, காரணமாதற்குரியன பல.

முதற்கண் காரியத்தின் வேறுபாட்டை நோக்குதல் வேண்டும். விளையாட்டு மட்டும் மூடப்படுதல் ஒன்று. நீலத்திரை தோன்றுதல் மற்றொன்று. யாதோர் அறிவிப்புமின்றிக் கணினியே அணைதல் பிறிதொன்று. இறுதியிற் கூறியது மின்வழங்கியையும் வெப்பத்தையும் ஐயுறச் செய்யும். ஏனைய இரண்டும் நினைவகம், முறைவழியாக்கி, வரைவியல் அட்டை, அதனை இயக்கும் மென்பொருள் என்பவற்றை ஐயுறச் செய்யும். விண்டோசின் நிகழ்வுப் பதிவேடும் நோக்கற்பாலது. ஆயின் அதிற் காணப்படும் 41 என்னும் எண், கணினி முறைப்படி மூடப்படாது நின்றதென்பதை மாத்திரமே சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

அடுத்து, செலவில்லாச் சோதனைகளைச் செய்க. மின்வடங்கள் இறுதிவரை செருகப்பட்டுள்ளனவா, குளிர்த்தியின் அடியில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாத்திக்குத் தாள் அகற்றப்பட்டதா, முறைவழியாக்கியின் வெப்பம் 100 பாகை செல்சியசை அணுகுகின்றதா என்பன காண்க.

இவற்றிற் குறையில்லையாயின், தருக்க நூலார் கூறும் அன்வயம், வெதிரேகம் என்னும் இரு நெறிகளும் துணைபுரியும். புகை உள்ளவிடத்துத் தீயும் உண்டென்பது அன்வயம். தீ இல்லாதவிடத்துப் புகையும் இல்லையென்பது வெதிரேகம். ஐயுற்ற பொருளை நீக்கியபோது பழுதும் நீங்குதல் வேண்டும். மீளச் சேர்த்தபோது பழுதும் மீளுதல் வேண்டும். இரண்டும் ஒத்தவிடத்தே ஐயம் துணிபாகும்.

எம் மாணவன் வாங்கிய டிடிஆர்5 நினைவகத்தில் 6000 என்னும் வேகம் பொறிக்கப்பட்டிருந்தது. ஆயின் அது 4800 என்னும் வேகத்திலேயே இயல்பாக இயங்குவது. 6000ஐப் பெறுதற்குப் பயோசில் எக்ஸ்எம்பி என்னும் அமைப்பை இயக்கல் வேண்டும். அஃது இயல்புக்கு மேற்பட்ட வேகமாதலின், எல்லாக் கணினியும் அதனைத் தாங்குமென்பதற்கு உறுதியில்லை. அவன் அவ்வமைப்பை நீக்கினான், வேறெதனையுந் தொடவில்லை. மூன்று மாலைப் பொழுதுகள் விளையாட்டு நில்லாது நடந்தது. பழுது தீர்ந்ததென மகிழ்ந்தவனை, அமைப்பை மீள இயக்குமாறு பணித்தோம். அரைமணி நேரத்தில் விளையாட்டு வீழ்ந்தது. மெம்டெஸ்ட்86 என்னும் சோதனை மென்பொருளும் அவ்வேகத்திற் பிழைகளைக் காட்டிற்று. தாய்ப்பலகையின் பயோசைப் புதுப்பித்தபின் 6000 வேகத்திலும் அச்சோதனை பிழையின்றி முடிந்தது; விளையாட்டும் நிலைத்தது. ஒரு சதமும் செலவாகவில்லை.

ஈண்டு இரண்டு விதிகள் மறத்தலாகா. ஒன்று, ஒருகால் ஒன்றையே மாற்றுக. நினைவகத்தையும் மென்பொருளையும் ஒருங்கே மாற்றினால், எதனாற் பழுது நீங்கிற்றென்பதை எவருஞ் சொல்லவியலாது. மற்றொன்று, போதிய காலம் பொறுத்திருக்க. இரண்டு மணிக்கொருமுறை தோன்றும் பழுது அரைமணி நேரம் தோன்றாமையால் யாதும் நிறுவப்படுவதில்லை.

இயந்திரமே எழுதிக்காட்டும் செய்தியும் ஆராய்ந்தே கொள்ளத்தக்கது. இன்டெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறை முறைவழியாக்கிகள் சிலவற்றைக் கொண்ட கணினிகளில், அன்ரியல் எஞ்சினால் அமைந்த விளையாட்டுக்கள் வரைவியல் நினைவகம் போதாதென்னுஞ் செய்தியைக் காட்டி நின்றன. பலர் வரைவியல் அட்டையையே குறைகூறினர். ஆயின் முறைவழியாக்கியின் வேகத்தைச் சற்றுத் தாழ்த்தியபோது பழுது நீங்கிற்று. விளையாட்டின் தரவுகளை விரித்தெடுக்கும்போது முறைவழியாக்கி செய்த பிழையே அச்செய்தியாய் வெளிப்பட்டது. முறைவழியாக்கி அளவுக்கு மிஞ்சிய உவோற்றளவைக் கேட்டுப் பெற்றமையை 2024ஆம் ஆண்டு யூலையில் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஓகத்து முதலாகத் திருத்திய மைக்ரோகோட் பயோசின் வழியே வழங்கப்பட்டது. உத்தரவாதக் காலமும் ஈராண்டு நீட்டப்பட்டது. ஆயினும் முன்னரே தேய்ந்தவற்றை அத்திருத்தம் மீட்கவில்லை, அவை மாற்றப்படவேண்டியனவாயின. செய்தியை மட்டும் நம்பி அட்டையை மாற்றியவர் பணத்தையும் இழந்தார்; பழுதையும் நீக்கினாரல்லர்.

மாணவர்காள்! புகையைக் கண்டவுடன் கைக்கெட்டிய பொருள்மீதெல்லாம் நீரை ஊற்றுதல் அறிவுடைமையன்று. நீக்கிக் காண்க, சேர்த்துங் காண்க, அதன் பின்னரே துணிக. வகுப்பறையிற் பயிலும் தருக்கம் ஏட்டளவில் நில்லாது, பெற்றோர் உழைத்தீட்டிய பொருளைக் காக்கவும் வல்லது.